பள்ளம்னு முன்னாடியே சொல்லணும்

— என்ன விழுந்துச்சு?

— டம்ளர். கை பட்டிருச்சு. காலைக் கீழே வைக்காதே அண்ணா, தரை பூரா டீ.

— எந்தக் கை?

— என்னது?

— எந்தக் கை பட்டுச்சு? வலதா, இடதா?

— ஐயோ சாமி, ஒரு டம்ளர் விழுந்ததுக்குப் போலீஸ் விசாரணையா? இடது கை. போதுமா? துணி எங்கே... சரி, நேத்துப் போட்ட சாக்ஸாலயே துடைச்சிடறேன். எப்படியும் அதைத் துவைக்கத்தானே போறேன்.

— காலைல எந்திரிச்சதும் வாளியில இடிச்சுக்கிட்டே. அப்புறம் கதவு நிலையில தோளை இடிச்சே. இப்ப டம்ளர். எல்லாமே பக்கத்துல இருந்த சாமான். எதிர்ல இருந்தது எதையும் நீ தட்டலை.

— புது ரூமு, இருட்டு ரூமு. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவுல ஒருக்களிச்சுத்தான் நடக்கணும். நீயும்தான் இடிச்சுக்கிட்டே.

— நான் குருடன்டி. எனக்கு லைசென்ஸ் இருக்கு.

— ஹா! இன்னைக்கு வாய் நல்லா ஓடுது. ரெஸ்ட் எடுத்தா காலுக்கு நல்லதுன்னு சொன்னாங்க, உனக்கு வாய்க்குப் போயிருச்சு போல.

— சிரிக்காதே வாலு. கேளு. நாளைக்கும் இங்கேயே இருந்திருவோமா?

— எதுக்கு? இன்னைக்கு ஒரு நாள்தானே பேச்சு. துணி துவைக்கறோம், தூங்கறோம், நம்ம ரெண்டு சீட்டு சைக்கிளை ரிப்பேர்க்காரர் பார்த்துக் குடுக்கறார், நாளைக்குக் காலைல இறங்கறோம். கீழே போனா சமவெளி. அதைத் தாண்டினா கடல். வீட்டு வாசல்ல கிளம்பினப்ப என்ன சொன்னே? உப்புத் தண்ணியில முன் சக்கரத்தை நனைக்கற வரைக்கும் ஓயக் கூடாதுன்னே.

— முட்டி வலிக்குது.

— எந்த முட்டி? வலதா, இடதா?

— ரெண்டும்.

— மாட்டிக்கிட்டியா! டீ குடிக்கப் போயிட்டு வரும்போது மாடிப்படியில என்னை முந்திக்கிட்டு ஏறினவன் யாரு? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும் அண்ணா.

— சரி, பொய்தான். பயமா இருக்கு.

— எதுக்கு?

— இறக்கத்துக்கு.

— உனக்கா? ஏத்தத்துலதான் நீ என்னைத் திட்டுவே. ‘முன்னாடி உக்காந்துக்கிட்டு நீ மிதிக்கவே மாட்டேங்கறே, நான் ஒருத்தனே உன்னைச் சுமக்கறேன்’னு. இறக்கம்னா சின்னப் பையன் மாதிரி ஓன்னு கத்திக்கிட்டுத்தானே வருவே.

— நேத்து கத்தலை.

— நேத்து பேசிக்கிட்டே வந்தே. அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு.

— கேளு. காலைல ஒரு பஸ் இருக்காம். சைக்கிளைக் கூரை மேல கட்டிக்குவாங்களாம். நம்மளுது நீளம்தான், ஆனா குறுக்கே போட்டா நிக்கும்னு சொன்னாங்க.

— யாரு சொன்னா?

— கீழே லாட்ஜ்காரம்மா.

— நான் துணி நனைக்கப் போன நேரத்துல, சுவரைத் தடவிக்கிட்டுக் கீழே போய், என்னைக் கேக்காம பஸ் விசாரிச்சுட்டு வந்திருக்கே.

— கோவப்படாதே.

— கோவம் வராம? ஒரு அடி கூட வேற வண்டியில ஏறக் கூடாதுன்னு சட்டம் போட்டதே நீ. காய்ச்சல் வந்தப்பக் கூட லாரிக்காரர் கூப்பிட்டதுக்கு மாட்டேன்னுட்டே. நனைஞ்ச கோணியாட்டம் என் முதுகுல சாய்ஞ்சுக்கிட்டு வந்தே, ஞாபகம் இருக்கா? இப்ப என்ன வந்துச்சு?

— அது கெடக்கட்டும்.

— கெடக்க விட மாட்டேன். சொல்லு.

— அப்புறம் சொல்றேன். முதல்ல டீயைத் துடை.

— ப்ச். துடைச்சாச்சு. சரி, சண்டை வேண்டாம், ரெஸ்ட் நாளும் அதுவுமா. எனக்கு ஒரு ஆட்டம் காட்டு. வெளியே தெருவுல என்ன நடக்குது, சொல்லு.

— ஜன்னலைத் திற.

— குளிருது. மூடியே இருக்கட்டும். மூடியிருக்கும்போது சொன்னாத்தானே கெத்து.

— ம்... கீழே ஒரு வண்டி நிக்குது. பால் கேன் இறக்கறாங்க. இறக்கறவனுக்குக் கால்ல ஆணி, இழுத்து இழுத்து நடக்கறான். எதிர்க் கடையில ஒரு அம்மா குடையை விரிச்சுப் பார்த்துட்டு வேண்டாம்னு வெக்கிறாங்க. ஒரு நாய் ரோட்டைத் தாண்டலாமா வேண்டாமான்னு யோசிக்குது.

— நாய் யோசிக்கறது கூட கேக்குதா!

— நல்லாக் கேக்குது. கொஞ்சம் மந்தமான நாய்.

— உனக்கு எப்படித்தான் கேக்குதோ. எனக்குக் காதுன்னு ரெண்டு ஓட்டை இருக்கு, கண்ணாடி மாட்டறதுக்குத்தான் ஆகுது... யாரோ கதவைத் தட்டறாங்க. யாருங்க?

— நான்தாம்மா, சைக்கிள் ரிப்பேர். வேலை முடிஞ்சுது, ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். உள்ளே வரலாமா?

— வாங்கண்ணே. உக்காருங்க. கட்டில்லயே உக்காருங்க, நாற்காலி பூரா ஈரத் துணி.

— முன்னாடியே வந்திருப்பேன். தெருவை அடைச்சுக்கிட்டு சிலிண்டர் லாரி. உருட்டி உருட்டி இறக்கறானுங்க, ஆள் நடக்க வழியில்லை.

— சிலிண்டரா? பால் கேன் இல்லையா?

— இந்த நேரத்துல ஏதும்மா பால்? கேஸ் சிலிண்டர்.

— விடு வாலு. ரெண்டும் தகரம்தானே. தகரம்னு கண்டுபிடிச்சேன்ல, அதுக்குப் பாராட்டு.

— ஏம்மா, தம்பிக்கு இப்படிப் பிறவியிலேருந்தேவா?

— அவன்கிட்டயே கேளுங்கண்ணே. கண்ணுதான் தெரியாது, காது தெரியும்.

— தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. கண்ணு போனா கடவுள் காதுல ரெட்டிப்பாக் குடுப்பான்னு சொல்லுவாங்க, பாத்துக்கங்க.

— எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்கண்ணே. பிறவியிலே இல்லை. படிப்பு முடிக்கற வயசுல போச்சு. முதல்ல சாயங்காலம் தெரியாமப் போச்சு. அப்புறம் பக்கவாட்டுல. அப்புறம் நடுவுல கொஞ்சூண்டு ஓட்டை மட்டும் இருந்துச்சு, கடைசியில அதையும் மூடிட்டாங்க.

— அது எதுக்கு இப்ப? வண்டியைப் பத்திச் சொல்லுங்கண்ணே.

— வண்டி அருமையான வண்டி, பாத்துக்கங்க. இந்த ஊர்ல ரெண்டு பேர் மிதிக்கற சைக்கிளை நான் கையால தொட்டதே இல்லை. பிரேக் கட்டை நாலும் மாத்திட்டேன். பழசு சுத்தமாத் தேஞ்சு இரும்பு தெரியுது. ஏம்மா, நேத்து மேலேருந்து இங்கே வர்ற வரைக்கும் பிரேக்கைப் பிடிச்சபடியேவா வந்தீங்க?

— பனியா இருந்துச்சுண்ணே. மெதுவா வந்தோம்.

— மெதுவா வந்தது நல்லதுதான். ஆனா இடது பக்கம் தொங்கற பை ரெண்டும் கிழிஞ்சிருக்கு. ஹேண்டில் முனை, பெடல் எல்லாம் உரசி வெள்ளையா இருக்கு. பாறையோடயே ஒட்டி இழுத்துக்கிட்டு வந்த மாதிரி.

— ஓரமா வந்தோம். லாரி வரும்னு.

— அதுவும் சரி. ஆனா பாத்துக்கங்க, வலது பெடல்ல ஒரு கொத்துப் புல்லு சுத்திக்கிட்டு இருந்துச்சு. வேரோட. அதுக்குத்தான் நேர்ல சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.

— புல்லுதானே.

— எந்தப் புல்லுங்கறதுதாம்மா. ஊசி மாதிரி இருக்கும், நுனி சிவப்பா. அது ரோட்டோரத்துல முளைக்காது. விளிம்புல வெள்ளைக் கல்லு நட்டு வெச்சிருக்காங்கல்ல, அதுக்கும் அந்தப் பக்கம், சரிவுலதான் முளைக்கும். ஆடு மேய்க்கறவன் கூட அதுக்குக் கை நீட்ட மாட்டான். கீழே பார்த்தா ஆறு நூல் மாதிரி தெரியும்.

— அது... போட்டோ எடுக்க நின்னோம்ணே. கல்லு மேல சாய்ச்சு வெச்சேன். அப்ப மாட்டியிருக்கும்.

— சாய்ச்சு வெக்கற இடமா அது? என்னமோ போங்க. நாளைக்கு இறங்கறீங்கன்னு சொன்னீங்க. நேத்து வந்தது பாதிதான், பாத்துக்கங்க. இங்கேருந்து கீழே ரோடு இன்னும் குறுகல். அந்த வெள்ளைக் கல்லும் கிடையாது. காலைல பனி இறங்குச்சுன்னா மதியம் வரைக்கும் எழும்பாது. ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காதீங்கம்மா. தம்பி பின்னாடி உக்காந்து சும்மா பாட்டுப் பாடிக்கிட்டு வரட்டும்.

— சரிங்கண்ணே. வண்டி அங்கேயே இருக்கட்டும். சாயங்காலம்... இல்லை, மதியமே வந்து எடுத்துக்கறேன்.

— எப்ப வேணா வாங்க. வர்றேன் தம்பி. 

— படி செங்குத்தா இருக்கு, பார்த்து இறங்குங்கண்ணே.

— கதவைச் சாத்திட்டியா?

— சாத்திட்டேன்.

— நாம எங்கே நின்னு போட்டோ எடுத்தோம்?

— அண்ணா...

— மேலே கணவாயில டீக்கடையில எந்திரிச்சோம். அதுக்கப்புறம் இந்த லாட்ஜ் வாசல் வரைக்கும் என் கால் தரையில படவே இல்லை. எங்கே நின்னோம்?

— அந்த ஆளு ஏதோ புல்லைப் பார்த்துட்டுக் கதை விடறார். எல்லாப் புல்லும் ஊசி மாதிரிதான் இருக்கும்.

— இடது பக்கம் பாறை. வலது பக்கம் பள்ளத்தாக்கு. நாம இடது ஓரமா வந்தோம். அப்ப வலது பெடலுக்கு அந்தப் புல்லு எப்படி வரும்? ரோடு முழுக்கக் குறுக்கே தாண்டியிருக்கோம் வாலு. எதிர்ல ஒரு வண்டி வந்திருந்தா?

— வரலையே.

— நேத்து ஒரு இடத்துல தடதடன்னு குலுங்குச்சு. வண்டி வலது பக்கமாச் சரிஞ்சு, அப்புறம் நீ வெடுக்குனு இழுத்தே. என்னடின்னு கேட்டேன். நீ என்ன சொன்னே?

— பள்ளம்னு சொன்னேன்.

— எப்ப சொன்னே?

— எப்பன்னா?

— நம்ம ரெண்டு பேருக்கும் முதல் நாள் பேச்சு என்ன? முன்னாடி இருக்கறவ பள்ளம்னு முன்னாடியே சொல்லணும், பின்னாடி இருக்கறவன் உடம்பைத் தூக்கிக்கணும். நீ பள்ளம்ங்கறதும் நான் எழும்பறதும் ஒண்ணா நடக்கும். இப்பல்லாம் முதல்ல இடுப்பு ஒடியுது, அப்புறம் உன் குரல் வருது. அந்தப் பெரிய ஏரியைத் தாண்டினதுலேருந்தே அப்படித்தான். முதல்ல, அசதின்னு நினைச்சேன். நேத்து நீ சொன்ன பள்ளம் எந்தப் பள்ளம்டி? ரோட்டுல இருக்கற பள்ளமா, இல்லை நூல் மாதிரி ஆறு ஓடற பள்ளமா?

— கத்தாதே. சுவர் பூரா பலகை, பக்கத்து ரூமுக்குக் கேக்கும்.

— சரி, கத்தலை. இங்கே வா. எனக்கு எதிர்ல உக்காரு. எங்கே உன் தோளு... இதானே? நேராப் பாரு. என் மூக்கைப் பாரு.

— பாக்க அப்படி ஒண்ணும் அழகா இல்லை.

— விளையாடாதே. இப்ப என்னோட வலது கை எங்கே இருக்கு?

— மடியில.

— ம். இப்ப?

— மடியிலதான்... என்ன பண்றே நீ?

— உன் கன்னத்துக்குப் பக்கத்துல இருக்குடி என் கை. விரலை ஆட்டிக்கிட்டு இருக்கேன். உன் முடி என் விரல்ல படுது.

— கையை எடு அண்ணா.

— எனக்கு அந்த டாக்டர் பேனாவை வெச்சுக்கிட்டு இதையேதான் பண்ணினார். நானும் இப்படித்தான் ‘உங்க மடியில சார்’னு சொன்னேன். அம்மா பக்கத்துல நின்னாங்க. அவங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

— அம்மாகிட்ட சொல்லாதே.

— எப்பேருந்து?

— அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்னு சொல்லு முதல்ல. ஒரு வீட்டுல ஒருத்தருக்கு வந்தாப் போதாதான்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்களே. என்னைப் பார்த்துப் பார்த்து, ‘உனக்கு ஒண்ணுமில்லை, உனக்கு ஒண்ணுமில்லை’ன்னு தலையைத் தடவுவாங்களே. அவங்க முகத்தை என்னால பாக்க முடியாது.

— சொல்ல மாட்டேன். எப்பேருந்து?

— கிளம்பறதுக்கு முன்னாடியே கொஞ்சம் இருந்துச்சு. சாயங்காலம் ஆனா தெரு மங்கிரும். லைட்டு கம்மியான ஊருன்னு நினைச்சுக்கிட்டேன். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன். உனக்கும் சாயங்காலத்துலதான் ஆரம்பிச்சுதுன்னு எனக்குத் தெரியும் அண்ணா. தெரிஞ்சும் எனக்கு அது இல்லைன்னு வெச்சுக்கிட்டேன். ஏரியைத் தாண்டினதும் பக்கவாட்டுலயும் போக ஆரம்பிச்சுது. கோழி, நாய், குழந்தைங்க எல்லாம் திடீர்னு முன்னாடி வந்து குதிக்குதுங்க. எங்கேருந்து வருதுன்னே தெரியலை.

— டாக்டர்கிட்ட போகலையா?

— பயமா இருந்துச்சு. அவர் வாயால சொல்லிட்டா அப்புறம் அது நிஜமாயிரும்ல? எனக்கு ரொம்பப் பயமா இருக்கு அண்ணா. காலைல கண்ணைத் திறக்கும்போதெல்லாம் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு அளந்து பாக்கறேன். இதோ இந்த ஜன்னல் முழுசாத் தெரியுதான்னு பாக்கறேன். தலையைத் திருப்பினாத்தான் முழு ஜன்னல்.

— அழாதே. இங்கே வா. வாலு... என் வாலு...

— உனக்கும் பயமா அண்ணா?

— இல்லாம? இவ்வளவு தூரம் உன் முதுகை நம்பி வந்திருக்கேன். உன்கிட்ட கேக்க எனக்கு வாய் வரலை. கேட்டா நீ ஆமான்னு சொல்லிருவியோன்னு பயம். அதான் முட்டி வலிக்குதுன்னேன், பஸ்ஸுன்னேன். ஏன்டி என்கிட்ட சொல்லலை? ஊரெல்லாம் விடு, என்கிட்ட சொல்ல வேண்டாமா?

— சொன்னா நீ திரும்பிப் போலாம்னு சொல்லுவே.

— சொல்லத்தான் சொல்லுவேன்.

— திரும்பிப் போனா மறுபடியும் அந்த ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்குவே. எத்தனை வருஷம் அண்ணா! சாப்பாட்டுத் தட்டைக் கதவுகிட்ட வெச்சுட்டு, நீ எடுத்தியா இல்லையான்னு நான் ஒட்டுக் கேட்டுக்கிட்டு நிப்பேன். இந்த சைக்கிளைக் கொண்டு வந்து நிறுத்தி, உன் கையைப் பிடிச்சு ஹேண்டில் மேல வெச்ச அன்னைக்குத்தான் நீ சிரிச்சே. இப்ப எனக்கும் போயிருச்சுன்னா, நம்ம ரெண்டு பேரையும் யாரு வெளியே கூட்டிக்கிட்டுப் போவா? சொல்லு. யாரு?

— எனக்குத் தெரியலை.

— அதான் கடலைப் பார்த்துட்டா அப்புறம் என்ன ஆனாலும் ஆகட்டும்னு நினைச்சேன். எனக்கே ஒரு தடவை முழுசாப் பாக்கணும்.

— சரி. கடலைப் பாரு. பஸ்ஸுல போய்ப் பாரு. யாரு வேண்டாம்னா?

— பஸ்ஸுல போனா அது நம்ம கடல் இல்லை.

— உசுரை விடக் கடல் பெரிசா?

— பெரிசுதான். நீயே சொல்லியிருக்கே.

— அப்ப நான் ஒரு மடையன். கேளு. நேத்து எவ்வளவு தூரம் பார்த்து ஓட்டினே? உண்மையைச் சொல்லு.

— உண்மையைச் சொன்னா பஸ்ஸுப் பேச்சை விட்டுருவியா?

— முதல்ல சொல்லு.

— கணவாயில கிளம்பும்போது வெளிச்சம் இருந்துச்சு. பஞ்சர் ஒட்டினதுல நேரம் போயிருச்சுல்ல. முதல் வளைவு, ரெண்டாவது வளைவு தெரிஞ்சுது. அப்புறம் பனி இறங்குச்சு, இருட்டும் கூடவே வந்துச்சு. லைட்டைப் போட்டேன். எதிர்ல வெள்ளையா ஒரு சுவர் மாதிரி நின்னுச்சு. லைட்டை அணைச்சேன். கறுப்பா ஒரு சுவர். அவ்வளவுதான்.

— அவ்வளவுதான்னா?

— ஒண்ணும் தெரியலை. இந்த ஊர் லைட்டு தெரியற வரைக்கும் எதுவுமே தெரியலை.

— ஐயோ... ஏன்டி நிக்கலை? நின்னிருக்கலாம்ல? இறங்கி உருட்டிக்கிட்டு வந்திருக்கலாம்ல?

— நின்னா ஏன் நிக்கறேன்னு நீ கேப்பே. பின்னாடி எங்கேயோ ஒரு லாரி வேற உறுமிக்கிட்டு இருந்துச்சு. அந்தக் குளிர்ல நின்னா விடியற வரைக்கும் விறைச்சுப் போயிருப்போம். நான் பிரேக்கை விடாமப் பிடிச்சுக்கிட்டேன். விரலெல்லாம் மரத்துப் போச்சு. முதல்ல இடது பக்கம் பாறையில உரசிக்கிட்டே வந்தேன். உரசற வரைக்கும் ரோட்டுலதான் இருக்கோம்னு அர்த்தம்ல? அப்புறம் உரசறது நின்னுருச்சு. பாறையைக் காணோம். எங்கே போறோம்னே தெரியலை. செத்தோம்னு நினைச்சேன். அப்பதான் நீ பேச ஆரம்பிச்சே.

— நானா?

— நீதான். இப்ப ஏன் ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்கறே? ‘வாலு, இடது பக்கம் தண்ணி ஊத்துது, பாறை இன்னும் கிட்ட வருது’ன்னே. நான் கொஞ்சம் வலது பக்கம் ஒடிச்சேன். ‘இப்பப் பெரிய வெட்டவெளி, காத்து திரும்புது பாரு, ரோடு இடது பக்கம் வளையுது’ன்னே. நான் இடது பக்கம் திருப்பினேன். அதுக்கப்புறம்தான் நான் கேட்டுக்கிட்டே வந்தேன். ‘இப்ப என்ன கேக்குது? இப்ப? இப்ப?’ன்னு. நான் ஏன் அப்படித் தவிச்சேன்னு நினைச்சே?

— ஆட்டம்னு... ஆட்டத்துக்குக் கேக்கறேன்னு நினைச்சேன்.

— ஆட்டமா! பல்லெல்லாம் கிட்டிக்கிட்டு இருந்துச்சு எனக்கு. நீ ஒவ்வொண்ணாச் சொல்லச் சொல்லத்தான் மூச்சே வந்துச்சு. அந்தப் புல்லு விஷயமும் சொல்லிடறேன். அது உன் மேல தப்பில்லை. ‘வலது பக்கம் ஒரு பாலம் வருது, ரோடு அங்கே திரும்புது’ன்னு நீ சரியாத்தான் சொன்னே. நான்தான் அவசரக்குடுக்கை. நீ சொன்ன உடனே சட்டுனு ஒடிச்சிட்டேன். கொஞ்சம் பொறுத்து ஒடிச்சிருக்கணும். சக்கரம் புல்லுல ஏறிருச்சு. ஏதோ ஒரு கல்லு தட்டுச்சு, அந்த வேகத்துல திரும்ப இழுத்துட்டேன்.

— பாலத்தை நீ பார்த்தியா?

— நான் எங்கே பாக்கறது? நீ சொன்னே. நாம தாண்டியிருப்போம்.

— வாலு...

— இரு, முடிச்சுக்கறேன். நேத்துப் படுத்துக்கிட்டு எனக்கு ஒரு கணக்கு தோணுச்சு. எனக்கு நடுவுல கொஞ்சம் கண்ணு இருக்கு. உனக்கு முழுக் காது இருக்கு. ரெண்டையும் சேர்த்தா ஒரு நல்ல ஆளு கிடைக்கறானா இல்லையா? நாளைக்குக் காலைல வெளிச்சம் வந்ததும் கிளம்புவோம். தெரியற வரைக்கும் நான் பார்த்து ஓட்டறேன். பனி வந்துச்சுன்னா நீ சொல்லு, நான் திருப்பறேன். நேத்து ரெண்டு பேருமே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்காம ஓட்டினோம். அப்படியே உசுரோட வந்து சேர்ந்தோம். நாளைக்குச் சொல்லிக்கிட்டு ஓட்டப் போறோம், இன்னும் சுலபம்தானே?

— வேண்டாம்டி.

— ஏன் வேண்டாம்? எனக்கு எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா? எனக்கு முழுசாப் போனாலும் நீ பின்னாடி உக்காந்துக்கிட்டுச் சொல்லிக்கிட்டே வந்தா நான் ஓட்டிருவேன்னு ஒரு தைரியம் வந்திருச்சு. நேத்துதான் வந்துச்சு. அதை ஏன் கெடுக்கறே?

— வாலு, கேளு. நான் சொல்றதைக் கேளு.

— கேக்கறேன். என்ன இது, என் கையை இப்படி இறுக்கிப் பிடிக்கறே? அண்ணா, என்னாச்சு? தண்ணி குடிக்கறியா? சொல்லு, எனக்குப் பயமா இருக்கு.

— நேத்து தலையில கம்பளிக் குல்லா, அதுக்கு மேல ஹெல்மெட், அதுக்கும் மேல அந்தக் காத்து... உன் குரலைத் தவிர எனக்கு ஒண்ணுமே கேக்கலைடி. நீ குளிர்ல நடுங்கறேன்னு, உன்னைச் சிரிக்க வைக்க, தண்ணி, பாறை, பாலம், வளைவு எல்லாமே நான் வாய்க்கு வந்தபடி இட்டுக்கட்டினது.